பட்டனுக்குப் பின்னால் ஒரு மொழி

மாயா என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்து ஓர் உருண்டையை உருவாக்கிப் பாருங்கள். திரையில் உருண்டை வரும். கூடவே ‘ஸ்கிரிப்ட் எடிட்டர்’ என்ற ஜன்னலில் சத்தமில்லாமல் ஒரு வரியும் வரும். உருண்டையை நகர்த்தினால் இன்னொரு வரி. சுழற்றினால் மற்றொன்று. அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து மேலே இருக்கும் ஷெல்ஃபுக்கு இழுத்து விட்டால், செய்த வேலை முழுவதும் ஒரு புதிய பட்டனாக அங்கே உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை ஒரே ஒரு கிளிக் போதும்!

வடபழனி, சாலிகிராமம் பக்கம் அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் கற்க வருகிற இளைஞர்கள் ஏராளம். மாடலிங், லைட்டிங், ரோட்டோ, காம்ப்பாசிட்டிங் என்று மாதக்கணக்கில் கற்கிறார்கள். அந்த ஒரு ஜன்னலை மட்டும் பெரும்பாலும் யாரும் அவர்களுக்குத் திறந்து காட்டுவதில்லை. இன்னொரு பக்கம், பொறியியல் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் நிரல் எழுதக் கற்கிறார்கள். ஒரு மென்பொருளுக்குள் அப்படி ஒரு ஜன்னல் எப்படி வந்து சேருகிறது என்று அவர்களுக்கும் யாரும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்தான். அந்த நஷ்டம் எவ்வளவு பெரியது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ரிலீஸ் பிரிண்டும் மேடை நாடகமும்

சி, சி++ போன்ற மொழிகளில் எழுதிய நிரலை கம்பைல் செய்துவிட்டால், அது ரிலீஸ் பிரிண்ட் மாதிரி. வேகமாக ஓடும். ஆனால் ஒரு வசனத்தை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி லேபுக்குத்தான் போக வேண்டும். பைத்தான், லுவா போன்றவற்றை இன்டர்பிரட்டர் ஒன்று அப்போதைக்கப்போது படித்துப் படித்து நடத்துகிறது. இது மேடை நாடகம் மாதிரி. மாலைக் காட்சியில் எடுபடாத வசனத்தை இரவுக் காட்சியில் மாற்றிவிடலாம். வேகம் மட்டும் குறைவு.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் வழிதான், கம்பைல் செய்த நிரலுக்குள்ளேயே ஓர் இன்டர்பிரட்டரைப் பதித்து வைப்பது. மாயா 1998-ல் வெளிவந்தபோதே இது அதில் இருந்தது. அதன் மொழிக்குப் பெயரே ‘மாயா எம்பெடட் லாங்குவேஜ்’, சுருக்கமாக மெல். கனமான கணக்குகளையெல்லாம் சி++ செய்யும். மெனு, பட்டன், சின்னச் சின்ன ஜன்னல்கள் பெரும்பாலும் மெல்லில் எழுதப்பட்டவை. அதாவது, மாயாவை உருவாக்கியவர்களே தங்கள் மென்பொருளின் வெளித்தோற்றத்தை அந்தச் சிறிய மொழியில்தான் எழுதினார்கள். பயனாளருக்குக் கொடுத்ததும் அதே மொழிதான். 2007-ல் மாயா 8.5 வந்தபோது பைத்தானும் சேர்ந்துகொண்டது. நியூக், ஹூடினி ஆகியவையும் ஏறக்குறைய அதே காலத்தில் பைத்தானுக்கு இடம் கொடுத்தன. பிளெண்டரின் மெனுக்களும் பேனல்களும் பைத்தான் கோப்புகளாகவே அதன் கூட வருகின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

கறுப்பு அட்டை

இந்தப் பேட்டைக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. ஏவி.எம்.மின் ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தில் குட்டி பத்மினி இரட்டைக் குழந்தைகளாக வந்தார். அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சிகளுக்கு வழக்கமான உத்தி மாஸ்க்தான். லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். கேமரா வெளிநாட்டுத் தொழிற்சாலையில் செய்தது. அதைப் பிரித்து மாற்றுவது கோடம்பாக்கத்தில் யாருக்கும் சாத்தியமில்லை. ஆனால் லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையைச் செருக இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் உள்ளூர்க்காரரின் மூளை வேலை செய்தது.

பதிக்கப்பட்ட இன்டர்பிரட்டர் என்பது அந்த அட்டை செருகும் இடம். மாயாவை எழுதியவர்கள் கனடாவின் டொரான்டோவில் இருந்தார்கள். ஆற்காடு சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில், பொங்கல் ரிலீஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது எடிட்டர் திடீரென்று ஒரு சண்டைக் காட்சியை எட்டு ஃபிரேம் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது தெரிந்தவர் கையில் ஒரு மொழியைக் கொடுத்துவிட்டால் போதும்.

பிரேசிலிலிருந்து ஒரு நிலா

இந்த எண்ணம் சினிமா மென்பொருள்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆட்டோகேடில் 1986-லேயே ஆட்டோலிஸ்ப் வந்துவிட்டது. கட்டட வரைபடம் போடுகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் டிசிஎல் மொழியை உருவாக்கக் காரணம் சுவையானது. அவருடைய குழு சிப் வடிவமைப்புக்கான கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதியது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அரைகுறைக் கட்டளை மொழியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. இப்படிப் பல மட்டமான மொழிகளை எழுதுவதற்குப் பதில் எல்லாக் கருவிக்குள்ளும் பதிக்கக்கூடிய ஒரே நல்ல மொழியை எழுதிவிடலாமே என்று நினைத்தார். இன்றும் சிப் வடிவமைப்பு மென்பொருள்களில் டிசிஎல் இருக்கிறது. ஈசிஇ படிக்கிற நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

லுவாவின் கதை இன்னும் நெருக்கமானது. 1977 முதல் 1992 வரை பிரேசிலில் கணினிப் பொருள்களை இறக்குமதி செய்யக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. வேண்டிய மென்பொருளை உள்ளூரிலேயே எழுதிக்கொள்ளும் பழக்கம் அங்கே அதனால் வளர்ந்தது. பெட்ரோப்ராஸ் என்ற எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்களுக்காக ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டு சின்ன மொழிகளை எழுதினார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் சோல். போர்த்துகீசிய மொழியில் சூரியன். இரண்டையும் ஒன்றாக்கி 1993-ல் வந்த மொழிக்கு ஒரு நண்பர் வைத்த பெயர்தான் லுவா, அதாவது நிலா. ராபர்ட்டோ இயருசலிம்ஷி, வால்டெமார் செலஸ், லூயிஸ் என்ரிக் டி ஃபிகெரெடோ மூவரும் அதை உருவாக்கினார்கள். அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் நிரலாளர்கள் அல்ல, எண்ணெய்க் கிணறு பார்க்கிறவர்கள் என்பதை மனதில் வைத்தே அதை எளிமையாகச் செய்தார்கள். பிறகு அது ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டுக்குள்ளும், அடோபி லைட்ரூமுக்குள்ளும், 2013 முதல் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குப் பின்னாலும் போய்ச் சேர்ந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் இதில் அடக்கம்.

நம்மூர் உதாரணம் வேண்டுமா? பெங்களூரில் பிறந்த டேலியை எடுத்துக்கொள்ளுங்கள். தி.நகர் கடைகளின் கணக்குப்பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதற்குள் டிடிஎல் என்றொரு மொழி உண்டு. ஜவுளிக்கடைக்கு ஒரு மாதிரி பில், மருந்துக்கடைக்கு வேறு மாதிரி பில் என்று மாற்றிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்து பிழைக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மென்பொருளில் ஒரு வாசல் வைத்ததால் பல குடும்பங்களுக்குச் சோறு!

நூற்றைம்பது மணி நேரம்

சரி, வடபழனிக்குத் திரும்புவோம். 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தில் 4500-க்கும் மேற்பட்ட கிராஃபிக்ஸ் ஷாட்டுகள் இருப்பதாகப் படக்குழு அறிவித்தது. ஒவ்வொரு ஷாட்டிலும் கலைநயத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாத வேலைகள் சில உண்டு. கோப்புக்குச் சரியான பெயர் வைக்க வேண்டும். பழைய பதிப்பை எடுத்து வைக்க வேண்டும். ஃபிரேம் எண்கள் சரியா என்று பார்க்க வேண்டும். இயக்குநர் பார்ப்பதற்கு ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஷாட்டுக்கு இரண்டே நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், 4500 ஷாட்டுக்கு 9000 நிமிடம். அதாவது 150 மணி நேரம். அதுவும் ஒரே ஒரு முறை செய்தால்! ஒரு ஷாட் பத்து முறை திருத்தப்படுவது சாதாரணம். இந்த மாதிரிக் கணக்கைத்தான் ஐம்பது வரி பைத்தான் அடியோடு மாற்றிவிடும்.

அந்த ஐம்பது வரியை எழுதத் தெரிந்தவரின் நிலையும் மாறுகிறது. ரோட்டோ, பெயிண்ட் வேலைகளில் ஃபிரேம் ஃபிரேமாக உட்கார்ந்து கோடு போடுகிறவர் சுலபமாக மாற்றப்படக்கூடியவர். 2021-ல் வந்த நியூக் 13-லேயே, சில ஃபிரேம்களைக் காட்டிப் பழக்கினால் மிச்சத்தைத் தானே செய்யும் ‘காப்பிகேட்’ என்ற கருவி சேர்ந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமமே சரிந்தபோது இந்தியாவிலும் பெருங்கூட்டமாக ஆட்கள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். ஸ்கிரிப்ட் தெரிந்தால் வேலை போகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கருவியைத் தன் இஷ்டப்படி வளைக்கத் தெரிந்தவருக்கு, அடுத்த கதவைத் தட்டும்போது கையில் காட்ட ஏதோ ஒன்று இருக்கும். மாயாவில் கற்ற பைத்தான் நியூக்கிலும் உதவும், பிளெண்டரிலும் உதவும், சினிமாவே வேண்டாம் என்று போனாலும் உதவும். ஒரு மென்பொருளின் மெனு எங்கே இருக்கிறது என்ற அறிவு அடுத்த பதிப்பு வந்தாலே பழசாகிவிடும்.

எதிர்க்கட்சி வாதம்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களும் லேசானவை அல்ல.

முதல் வாதம் வேகம். நியாயம்தான். 2048-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில் 22 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 5.3 கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பைத்தானைக் கூப்பிட்டால் விடிந்துவிடும். ஆனால் அப்படிக் கூப்பிடச் சொன்னது யார்? எந்த ஃபிரேம், எந்த ஃபில்டர், எவ்வளவு என்று முடிவெடுப்பது ஸ்கிரிப்ட்டின் வேலை. புள்ளிகளைப் போட்டு அரைப்பது சி++-ன் வேலை. எல்லையை ஒழுங்காக வகுத்தவர்களுக்கு வேகம் பிரச்சினையாக இருப்பது அபூர்வம்.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு. இது நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயம். மாயாவின் ஒரு காட்சிக் கோப்புக்குள், கோப்பைத் திறந்த உடனே தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டை ஒளித்து வைக்க முடியும். 2020 வாக்கில் அப்படி ஒரு வைரஸ் கோப்புக்குக் கோப்பு தொற்றிக்கொண்டு பல ஸ்டூடியோக்களைச் சுற்றியது. அதன் பெயர் என்ன தெரியுமா? வேக்சின்! அதே ஆண்டு 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளின் ஸ்கிரிப்ட் மொழி வழியாக ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தை வேவு பார்த்த சம்பவமும் வெளியே வந்தது. ஆட்டோடெஸ்க் நிறுவனம் இதற்கென்று தனியாகப் பாதுகாப்புக் கருவிகளை வெளியிட வேண்டியதாயிற்று. வாசல் வைத்தால் திருடனும் வருவான்தான். அதற்காக வாசலே இல்லாமல் யாரும் வீடு கட்டுவதில்லை, தாழ்ப்பாள் போடுகிறார்கள். வெளியிலிருந்து வந்த கோப்பில் உள்ள பைத்தானைப் பயனாளர் அனுமதிக்காமல் பிளெண்டர் தானாக ஓட்டாது. லுவாவைப் பதிப்பவர், கோப்புகளைத் தொடும் வசதியையே கொடுக்காமல் அதை இயக்கலாம். எந்தக் கதவைத் திறப்பது என்ற முடிவு பதிப்பவர் கையில் இருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் நடைமுறையில் அதிகம் வலிப்பது. உள்ளே வைத்த மொழிக்கும் வயதாகும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்தது. மாயா 2022 பதிப்பு பைத்தான் 3-க்கு மாறியது. 2023 பதிப்பில் பழையது அறவே இல்லை. பத்துப் பதினைந்து வருடங்களாகச் சேர்த்து வைத்த ஸ்கிரிப்ட்டுகளை எல்லாம் உட்கார்ந்து திருத்த வேண்டிய நிலை. அவற்றில் பலவற்றை எழுதியவர் எப்போதோ வேறு ஸ்டூடியோவுக்குப் போயிருப்பார். ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. “அந்த அண்ணன் போட்டு வச்சது, தொடாதீங்க” என்று புதிதாக வருபவரிடம் சொல்லி வைப்பார்கள். இது மொழியின் குற்றமல்ல. ஸ்கிரிப்ட்டை நிஜமான நிரலாக மதிக்காததன் விலை. சி++-க்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை, அதாவது பதிப்புக் கட்டுப்பாடு, சின்னச் சோதனை, இரண்டு வரி விளக்கம் ஆகியவற்றை அந்த ஐம்பது வரிக்கும் கொடுத்திருந்தால் இந்த அவதி பாதியாகியிருக்கும்.

நான்காவதாக நிரலாளர்களே எழுப்பும் ஒரு கேள்வியும் உண்டு. சி++-க்குள் பைத்தானைப் பதிப்பதைவிட, பைத்தானில் எழுதத் தொடங்கி வேகம் வேண்டிய இடத்தில் மட்டும் சி++-ஐக் கூப்பிட்டால் என்ன? புதிதாகத் தொடங்கும் பல வேலைகளுக்கு அதுவே நல்ல வழி. மாயாவோடு ‘மாயாபை’ என்ற தனி இன்டர்பிரட்டர் வருவதும், பிளெண்டரையே ஒரு பைத்தான் மாட்யூலாக இறக்கிக்கொள்ள முடிவதும் அதனால்தான். யார் முதலாளி என்பதுதான் இங்கே கேள்வி. ஜன்னலும் மவுசும் நேரக்கணக்கும் கம்பைல் செய்த நிரலின் கையில் இருந்தாக வேண்டும் என்றால், அதாவது விளையாட்டு, எடிட்டர், அனிமேஷன் மென்பொருள் போன்றவற்றுக்கு, பதிப்பதுதான் சரி. மற்றவற்றுக்குப் பைத்தானே முதலாளியாக இருக்கட்டும்.

இரண்டு பேப்பர், ஒரே நிரல்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டம் முதல் பருவத்திலேயே எல்லாப் பிரிவினருக்கும் பைத்தானைக் கொண்டுவந்தது. நல்ல முடிவு. கணினிப் பிரிவினருக்கு அடுத்த பருவத்தில் சி வந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் புத்தகம், தனித்தனி லேப், தனித்தனித் தேர்வு. பைத்தானே சி-யில் எழுதப்பட்ட ஒரு நிரல்தான் என்பதையும், அதைத் தன் சி நிரலுக்குள் யார் வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளாமலேயே ஒருவர் இரண்டு பேப்பரிலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும்.

செய்து பார்ப்பது ஒன்றும் கம்பசூத்திரமல்ல. லுவாவின் மூலநிரல் முழுவதும் சி-யில் இலவசமாகக் கிடைக்கிறது. கம்பைல் செய்தால் சில நூறு கேபிதான் வரும். வேலை நான்கே படி. ஒரு லுவா நிலையை உருவாக்க வேண்டும். வெளியே தர விரும்பும் சி ஃபங்ஷன்களை அதில் பதிவு செய்ய வேண்டும். ஸ்கிரிப்ட் கோப்பை ஏற்ற வேண்டும். அதில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். இரண்டு மொழிகளுக்கும் நடுவில் மதிப்புகள் ஓர் அடுக்கின் வழியாகப் போய் வரும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் பரீட்சைக்காக உருப்போட்ட அதே ஸ்டாக்! அது நிஜமாகவே எதற்குப் பயன்படுகிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

இறுதியாண்டு புராஜெக்ட்டாக எத்தனையோ நூலக மேலாண்மைகளும் விடுதிக் கணக்குகளும் வருடா வருடம் சமர்ப்பிக்கப்படுகின்றன. அபராதத் தொகை ஒரு ரூபாய் கூடினால்கூட மூலநிரலைத் திறந்து, மாற்றி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எழுதிய மாணவரோ அதற்குள் வேலைக்குப் போயிருப்பார். அந்த அபராத விதியை மட்டும் பத்து வரி லுவாவாக வெளியே எடுத்து வைத்திருந்தால், நூலகரே மாற்றிக்கொள்வார். அப்படிச் செய்த புராஜெக்ட் மாணவர் போன பிறகும் நூலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பயிற்சி நிலையங்களும் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. முதல் வாரத்தில் ஒரு நாள், ஸ்கிரிப்ட் எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைய பாடத்தை நடத்தினால் போதும். ஒவ்வொரு கிளிக்குக்கும் கீழே ஒரு வரி வருவதை மாணவர்கள் பார்க்கட்டும். முப்பது பேரில் இரண்டு பேராவது “சார், அது என்ன?” என்று கேட்பார்கள். அந்த இரண்டு பேருக்கு அடுத்த பாடத்தை அந்த ஜன்னலே நடத்திவிடும்.